ஊறப்போட்ட வருஷம்

தோ கும்ரானுக்கு ஆட்களை முகத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. முதுகைப் பார்த்தால்தான் தெரியும். மாசான் என்ற கடலோர ஊரின் மீன்சந்தைக்குப் பின்தெருவில் இருந்த பொதுக் குளியல் கூடத்தில், பெண்கள் பக்கம், முதுகு தேய்ப்பது அவள் வேலை. சந்தையில் யாராவது எதிரே வந்து சிரித்தால் விழிப்பாள்.

"என்னக்கா, நேத்துத்தான் என் அழுக்கை உருட்டி உருட்டி எடுத்தீங்க. இன்னிக்கு யாரோ மாதிரி முழிக்கிறீங்க?"

"துணியோட வந்தா எப்படிடி தெரியும்? திரும்பி நில்லு, சொல்றேன்."

மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் அது முழுக்க வேடிக்கையல்ல. எந்தத் தோள் சுமை தூக்கியது, எந்த இடுப்பு பிள்ளை பெற்றது, எந்த எலும்பு இனி வளரும், எது வளராது என்பதெல்லாம் தன் கைக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கைதான் பிற்பாடு அவளைக் கவிழ்த்தது.

அவள் கணவன் பியோ ஜேகில் நகரப் பேருந்து ஓட்டினான். பிள்ளைகள் இரண்டு, ஒரே பிரசவம். முதலில் வந்தவன் இன்தே. அவன் முதல் அழுகையை முடித்து மூச்சு வாங்குவதற்குள் யோங்தே வந்துவிட்டான். பலர் வீட்டில் இரட்டையரை வாடா போடா என்று சமமாக விட்டுவிடுவார்கள். ஜேகில் விடவில்லை. "பஸ்ஸுல முதல்ல ஏறினவனுக்குத்தான் சீட்டு. ஒரு நிமிஷம் மூத்தாலும் மூத்தவன் மூத்தவன்தான்" என்று தொட்டிலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டான். அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அப்பாவுக்கு அடுத்துக் கரண்டி தூக்குகிறவன் இன்தே. முன்னோருக்குக் கும்பிடும்போது அப்பாவுக்கு அடுத்து நிற்கிறவன் இன்தே. யோங்தே அவனை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட வேண்டும். யோங்தேவுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. யாராவது மிட்டாய் நீட்டினால், "அண்ணனுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் குளியல் கூடத்துக்கு வருவார்கள், ஆண்கள் பக்கம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. அப்பன் முதுகை இன்தே தேய்ப்பான், இன்தே முதுகை யோங்தே தேய்ப்பான். பிறகு மூவரும் உட்கார்ந்தபடியே திரும்பிக்கொள்வார்கள். "அண்ணா, கூசுதுண்ணா!" என்று யோங்தே கத்துவது நீராவியோடு சுவர் ஏறி இந்தப் பக்கம் இறங்கும். யாரோ ஒருத்தியின் முதுகில் முரட்டுத் துணியை ஓட்டிக்கொண்டே கும்ரான் அதைக் கேட்பாள். அவள் வாழ்க்கையில் சுகம் என்று சொல்ல ஒன்று இருந்ததென்றால் அது அந்தச் சத்தம்தான்.

இருவரும் ஆரம்பப் பள்ளியிலேயே பேஸ்பால் அணியில் சேர்ந்தார்கள். அந்த ஊரில் அதற்குக் காரணம் தேவையில்லை. இன்தேவுக்குக் கை இருந்தது. மட்டைக்காரன் அடிப்பதற்கு முன்பே பந்து எங்கே வரும் என்று அவன் கால் நகர்ந்துவிடும். யோங்தேவுக்கு உடம்பு இருந்தது. நடுநிலைப் பள்ளிக்குப் போனதும் அவன் ஒரு மழைக்காலத்தில் கம்பு மாதிரி நீண்டான். இன்தே அப்படியே நின்றான். ஒரே பானைச் சோறுதான், ஒரே குழம்புதான். யாராவது பார்த்தால் யோங்தேவைக் காட்டி, "இவன்தானே பெரியவன்?" என்பார்கள். யோங்தே பதறிப்போய் அண்ணனைக் காட்டுவான். இன்தே குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவான்.

நடுநிலைப் பள்ளியின் கடைசி வருடத் தொடக்கத்தில் நடுநிலை, உயர்நிலை இரண்டு அணிகளுக்கும் பயிற்சியாளரான மோக் கும்ரானைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்தே அம்மா, உங்க பெரியவனுக்குத்தான் கை. இந்த வயசுல இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்ல. ஆனா இந்த உடம்போட மேல போனா எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஒரு வருஷம் நிறுத்துங்க."

"சின்னவனை?"

"அவனுக்கு எதுக்கு? உடம்பு வந்தாச்சு. கை வரப்போறதில்ல."

அது ஒளிவுமறைவான காரியமல்ல. அணியில் பாதிப் பேர் அப்படி நின்றவர்கள்தான். கால் சுளுக்கு என்றோ முதுகுவலி என்றோ ஒரு டாக்டர் சீட்டு வாங்கி, பள்ளி நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால், பையன் அதே வகுப்பில் நின்றுவிடுவான். அடுத்த வருடம் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஆடுவான். எலும்பும் சதையும் அதற்குள் வந்துவிடும் என்பது கணக்கு. இலையில் காரம் தடவி ஜாடியில் கிம்ச்சி ஊறவைப்பதுபோல, தாய்மார்கள் இதற்கு ‘ஊறப்போடுறது’ என்று பேர் வைத்திருந்தார்கள். அணித் தாய்மார்களின் தலைவி சங்பில் அம்மா தன் மகனை ஆறாம் வகுப்பிலேயே ஊறப்போட்டிருந்தாள்.

"எதுக்குக்கா யோசிக்கிறீங்க? பச்சையா இலையைக் கடிச்சா அது கிம்ச்சியா? ஜாடியில கிடக்கட்டும். அப்புறம் பாருங்க ருசியை."

ஜேகில் சம்மதிக்கவில்லை. வேலை முடிந்து வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் ஒற்றைக் காலுறையோடு எழுந்து நின்றான்.

"மூத்தவனைத் தம்பிக்குக் கீழ வைக்கிறதா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"ஒரு வருஷம்தானேங்க."

"ஒரு நிமிஷத்துக்கு நான் பதினஞ்சு வருஷமா மரியாதை குடுத்து வளர்த்திருக்கேன். நீ ஒரு வருஷங்கிற."

"நீங்க வண்டி ஓட்டுறவங்க. உங்களுக்கு உடம்பைப் பத்தித் தெரியாது. அவன் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தேன். எலும்பு இன்னும் மூடல. இன்னும் வளருவான். ஒரு வருஷம் குடுத்தா வளருவான்."

ஜேகில் உட்கார்ந்து அந்த ஒற்றைக் காலுறையையும் கழற்றினான். உடம்பைப் பற்றி அவள் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சில்லை.

இன்தேவிடம் சொன்னபோது அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அம்மா, அப்ப யோங்தே எனக்கு சீனியர் ஆயிடுவானே?"

கும்ரான் சிரித்துவிட்டாள். "அடப் போடா. மைதானத்துலதாண்டா அது. வீட்டுக்குள்ள வந்தா அவன் தம்பி, நீ அண்ணன். கண்ண மூடித் திறந்தா போயிடும்."

அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், எந்த வகுப்பு என்று தெரியாமல் ஒருவனிடம் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாத ஊரில் காலம் தள்ளியவள், எப்படி அதைச் சொன்னாள் என்று பிறகு அவளே பலமுறை யோசித்திருக்கிறாள். ஆசைக்குக் கண் இல்லை என்பார்கள். ஊர் வழக்கமும் அன்றைக்கு அதற்குத் தெரியாமல் போயிற்று.

அந்த வருடம் பாதிக்கு மேல் இன்தே வீட்டுக்குள் கிடந்தான். சுளுக்குக் காலோடு தெருவில் ஓடினால் ஆசிரியர் கண்ணில் படுமே. காலையில் யோங்தே சீருடை மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வரேண்ணா" என்று வாசலில் குனிந்து சொல்லிவிட்டுப் போவான். இன்தே போர்வைக்குள்ளிருந்து முனகுவான். கும்ரான் அவனுக்கு மாட்டெலும்பு கொதிக்க வைத்தாள், விலாங்கு மீன் குழம்பு வைத்தாள், கறுப்பு ஆட்டுச் சாறு வாங்கி வந்து மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தாள். பகலில் அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிப் பார்ப்பாள். நேற்றைக்கு இன்றைக்குக் கொஞ்சம் நீண்டதுபோல இருக்கும். அவள் கை அவளிடம் பொய் சொல்லிற்று. அவனுக்கு முகத்தில் பரு வந்தது, வயிறு வந்தது, குரல் உடைந்தது. உயரம் மட்டும் வரவில்லை.

யோங்தே உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். ஒரு வருடம் கழித்து இன்தே அதே பள்ளிக்கு, அதே அணிக்குப் போனான். அணி முழுக்க விடுதியில் தங்கியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. புதிதாக வந்தவர்கள் வரிசையாக நின்று, ஒவ்வொரு சீனியருக்கும் இடுப்பு வளைத்து வணங்கி, பேரைக் கத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர் கொடுத்தாலும் பந்து கொடுத்தாலும் இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். இன்தே வரிசையில் நகர்ந்து யோங்தே முன்னால் வந்தபோது மைதானமே பேச்சை நிறுத்திக்கொண்டதாம். இன்தே மற்றவர்களுக்கு வளைந்ததைவிட ஒரு பிடி அதிகமாக வளைந்தான். "பியோ இன்தே, முதலாம் வருடம்! வணக்கம், சீனியர்!" யோங்தே தன்னையறியாமல் பதிலுக்குக் குனியப் போனான். பின்னாலிருந்து யாரோ அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிமிர்த்தினார்கள். அணி விழுந்து விழுந்து சிரித்தது.

இதைக் கும்ரானுக்குச் சொன்னவள் சங்பில் அம்மா. விடுதியில் தாய்மார்கள் முறைவைத்துச் சமைப்பார்கள். அங்கேயும் பிள்ளையின் வகுப்புதான் அம்மாவின் வகுப்பு. மூத்த வகுப்பு அம்மாக்கள் ருசி பார்ப்பார்கள், நடு வகுப்பு அம்மாக்கள் கிளறுவார்கள், முதலாம் வருட அம்மாக்கள் வெங்காயம் உரித்துப் பாத்திரம் கழுவுவார்கள். கும்ரானுக்கு இரண்டு இடம். இவ்வளவு காலமும் ஊருக்கு அவள் ‘இன்தே அம்மா’. இப்போது கரண்டி பிடிக்கும்போது ‘யோங்தே அம்மா’, பாத்திரம் கழுவும்போது ‘இன்தே அம்மா’. மற்றத் தாய்மார்கள் கேலி செய்வார்கள்:

"அக்கா, இப்ப எந்த அம்மா வந்திருக்கீங்க? அதைச் சொன்னா அதுக்கேத்த மாதிரி நாங்க எந்திரிச்சு நிக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணுவோம்ல."

கும்ரானும் சேர்ந்து சிரித்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் கண்ணைத் துடைத்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கும்ரான் மீன் வறுத்திருந்தாள். ஜேகில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல மூத்தவனைப் பார்த்தான். இன்தே கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"தூக்குடா கரண்டியை."

"சீனியர் ஆரம்பிக்கட்டும்ப்பா."

யோங்தேவுக்குக் காது சிவந்தது. "அண்ணா, வீட்டுலயும் வேணாம்ணா."

"ஜூனியருக்கு வீடு வேற, மைதானம் வேறயாங்க சீனியர்?"

பாதி பயம், பாதி வீம்பு. எது எவ்வளவு என்று அவனுக்கே தெரிந்திருக்காது. வீட்டில் மரியாதை குறைந்ததாகத் தெரிந்தால் தோலை உரிப்பேன் என்று அணித்தலைவன் குவாக் சொல்லியிருந்தான், அது உண்மை. குவாக்குக்கு அந்த வீட்டுக்குள் கண் கிடையாது, அதுவும் உண்மைதான். ஜேகில் கரண்டியை மேசைமேல் வைத்தான். "நீ ஊறப்போட்டதை நீயே சாப்பிடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அன்று ஓய்வு நாளாயிருந்தும், பேருந்து நிலையத்துக்குக் கிளம்பிப் போனான். மீன் ஆறிப்போயிற்று.

கோடையில் ஒரு பயிற்சி ஆட்டம். பந்து உயர எழும்பி இருவருக்கும் நடுவில் இறங்கியது. இரண்டு பக்கத்திலிருந்தும் இருவரும் அண்ணாந்தபடி ஓடி வந்தார்கள். மோதிக்கொள்ளப் போகிற நேரத்தில், பதினைந்து வருடப் பழக்கத்தில் யோங்தே கத்திவிட்டான்: "அண்ணா, நீ பிடிண்ணா!"

இன்தே பிடித்தான். அழகாகப் பிடித்தான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

ஆட்டம் முடிந்ததும் குவாக் எல்லோரையும் சாமான் அறைக்குப் பின்னால் நிற்கவைத்தான். "இங்க எவன்டா அண்ணன்? எனக்குத் தெரியாம எவன் இங்க அண்ணன் ஆனது?" முதலாம் வருடத்தானுக்குத் தலைக்கனம் ஏறியதால்தான் சீனியர் ஒருத்தன் வாய் தவறியது என்பது அவன் கண்டுபிடிப்பு. அதை இறக்கிவைக்க வேண்டியது நடு வருடத்தாரின் கடமை. மட்டையை யோங்தே கையில் கொடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்தே மட்டும் வந்தான். நின்றுகொண்டே சாப்பிட்டான். கும்ரானுக்கு ஆட்களை முதுகு பார்த்துத்தான் தெரியும். பின்னால் போய்ச் சட்டையைத் தூக்கி, கால்சட்டையைச் சற்று இறக்கினாள். இடுப்பிலிருந்து தொடைவரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிக் கிடந்தது.

"யாருடா?"

"சீனியருங்க."

"எந்த சீனியரு? பேரைச் சொல்லு. அந்தப் பயலோட ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். பிள்ளையப் பெத்தாளா, பேயைப் பெத்தாளான்னு கேக்கிறேன்."

"பேசுங்க."

"எங்கடா இருக்கா அவ? மீன்சந்தைப் பக்கமா?"

"இங்கதான் நிக்கிறீங்க."

அவள் சட்டை நுனியைப் பிடித்தபடியே நின்றாள். அதுவரை அவன் அவளை ‘நீ’ என்றுதான் சொல்லி வந்தான்.

அந்த இடத்தில் அவள் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். நாளைக்கே மட்டையைத் தூக்கிப் போடு, நாம் சந்தையில் மீன் விற்றுப் பிழைப்போம் என்றிருக்கலாம். அல்லது சும்மா அழுதிருக்கலாம். அவள் வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே, மெல்ல, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்:

"தாங்கிக்கடா ராஜா. இப்ப விட்டுட்டா அந்த ஒரு வருஷம் வீணாப் போயிடும்ல."

இன்தே சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் முதுகை அவள் பார்க்கவே இல்லை.

யோங்தேவைத் தேடிக்கொண்டு அவள் விடுதிக்குப் போனாள். அவன் துணி துவைக்கும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நான் மெதுவாத்தாம்மா அடிச்சேன் முதல்ல. குவாக் பார்த்துட்டான். மெதுவா அடிச்சது எதுவும் கணக்குல வராது, முதல்லேருந்து ஆரம்பின்னான். அண்ணன்தான் சொன்னான், 'பலமா அடிங்க சீனியர், சீக்கிரம் முடியட்டும்'னு." தொட்டித் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டே சொன்னான்: "பலமா அடிச்சேம்மா."

அந்த மாதமே அவன் பேஸ்பாலை விட்டான். தொழிற்பள்ளிக்கு மாறி, வெல்டிங் படித்து, கோஜே தீவில் கப்பல் கட்டும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கும்ரான் மோக்கிடம் போய் நின்றபோது அவர் பல் குத்திக்கொண்டிருந்தார். "காரம் போடாம கிம்ச்சி ஊறுமா, இன்தே அம்மா? எல்லாம் சரியாத்தான் போயிட்டிருக்கு" என்றார். அவள் தலைகுனிந்து வணங்கிவிட்டுத் திரும்பி வந்தாள். பையனை ஆட விடுவதும் உட்காரவைப்பதும் அவர் கையில் இருந்தது.

இன்தே தாங்கினான். கடைசி வருடத்தில் நன்றாகவே ஆடினான். பெரிய அணிகளின் ஆட்கள் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, பையன் எந்த வருடம் பிறந்தவன் என்பது. பதில் கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்தவனைப் பார்க்கப் போனார்கள். சந்தையில் எல்லாத் தராசிலும் ஒரே கள்ளக்கல்லைப் போட்டு வைத்தால் யாருக்கு என்ன லாபம்? வாங்குகிறவன் அதைக் கழித்துவிட்டுத்தான் விலை கேட்பான். அணிகள் ஆளெடுக்கும் தேர்வு நாளன்று அவன் பேரை யாரும் கூப்பிடவில்லை. சங்பிலையும் கூப்பிடவில்லை. சங்பில் அம்மா, "சரி, அவன் போன் கடை வைக்கட்டும்" என்று அன்றே முடிவு பண்ணிவிட்டாள்.

பிறகு இன்தே ராணுவத்துக்குப் போனான். அந்த நாட்டில் ஆண்கள் எல்லோரும் போக வேண்டியதுதான். திரும்பி வந்தபோது வாசல் நிலையில் தலை இடித்துக்கொண்டான். ராணுவச் சோற்றில், எவரும் கேட்காத நேரத்தில், அவன் உடம்பு தன் பாட்டுக்கு வளர்ந்திருந்தது. கும்ரான் அவனை அண்ணாந்து பார்த்தாள். "நீங்க சொன்னது சரிதான், எலும்பு மூடலதான்" என்றான் அவன். குரலில் கோபம்கூட இல்லை.

அதற்குப் பின்னான வருடங்களில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யோங்தே ‘அண்ணா’ என்று கூப்பிட வேண்டும், இன்தே திரும்பி, "என்னடா?" என்று கேட்க வேண்டும். யோங்தே ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அறுவடைப் பண்டிகைக்கும் வந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். இன்தே ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, "வாங்க சீனியர்" என்றான். முன்னோருக்கு மது வைக்கும்போது தான் விலகித் தம்பியை முன்னே விட்டான். குடிக்கும்போது, பெரியவர் முன்னால் குடிக்கிற முறைப்படி, தம்பி முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தான். கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினான். ஒரு பண்டிகைக்கும் தவறவில்லை, ஒரு மரியாதையும் குறைக்கவில்லை. ஊரார் பார்த்தால் இப்படியொரு பண்பான பிள்ளையா என்பார்கள். அது யாரை நோக்கி எறிந்த கல் என்று வீட்டிலிருந்த நால்வருக்கும் தெரியும். ஜேகில் சீக்கிரமாகவே எழுந்து போய்த் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துகொள்வான்.

ஒரு புத்தாண்டுக்கு முந்தின நாள், கும்ரான் குளியல் கூடத்துக்காரியிடம் சொல்லி வைத்து, இருவரையும் ஆண்கள் பக்கம் அனுப்பிவைத்தாள். அம்மணமாக நிற்கும்போது எவன் சீனியர், எவன் ஜூனியர் என்று நினைத்தாள். இந்தப் பக்கம் அன்று ஒரே கூட்டம். தேய்த்துக்கொண்டே காதைச் சுவர் மேலேயே வைத்திருந்தாள். பக்கெட் சத்தம் கேட்டது, தண்ணீர் சத்தம் கேட்டது.

வெளியே வந்த யோங்தேவின் முதுகு சிவந்திருந்தது, கழுத்தோரம் தெரிந்தது. அவள் முகம் மலர்ந்துபோய்க் கேட்டாள்: "அண்ணன் தேச்சுவிட்டானா?"

"விட்டான்."

"நீ?"

"முதுகைக் காட்டலம்மா. தேச்சு முடிச்சு, தண்ணி ஊத்தி, ஒரு கும்பிடு போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்." யோங்தே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "விடும்மா. ஒரு தடவை அடிச்சேன். அவன் எத்தனை தடவை திருப்பி அடிக்கிறான் பாரு."

அவளுக்குக் கணையத்தில் நோய் வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தாள். உடம்பைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் தன் உடம்பைக் கடைசியாகத்தான் கேட்டாள். மருத்துவமனையில் இன்தேதான் இரவும் பகலும் இருந்தான். அவளைத் தூக்கி உட்காரவைப்பதும் கால் பிடித்துவிடுவதும் அவன்தான். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் அவள் கேட்டாள்:

"நான் போனா யாருடா முன்னாடி நிப்பீங்க?"

"மருந்து சாப்பிடுங்க."

"மூத்தவன் நீ இருக்கேல்ல. நிப்பேல்ல?"

அவன் தண்ணீர் டம்ளரை அவள் உதட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டான். அவள் குடித்தாள்.

இறுதிச் சடங்குக் கூடத்தில், கறுப்புக் கோட்டு போட்ட பையன் ஒருவன் கைப்பட்டைகளோடு வந்தான். மூத்த மகனுடையதில் இரண்டு கோடு இருக்கும். "மூத்தவர் யாருங்க?" என்று கேட்டுவிட்டு இரட்டையரை மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணன்தான்" என்றான் யோங்தே.

இன்தே பட்டையை வாங்கினான். யோங்தேவின் கையைப் பிடித்து, மேலே ஏற்றி, ஊக்கு குத்தி, சுருக்கத்தை நீவிவிட்டான். "நீங்க நில்லுங்க, சீனியர்." மூலையில் உட்கார்ந்திருந்த ஜேகில் அதைப் பார்த்தான். கிழவன் கையை உயர்த்தினான். பிறகு அதைத் தன் முழங்கால் மேலேயே வைத்துக்கொண்டான்.

வந்தவர்களுக்கு இன்தே குழம்பு பரிமாறினான். மாட்டுக்கறி போட்ட சிவந்த குழம்பும் சோறும். சங்பில் அம்மா இன்னும் திடமாக இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வாய் சாப்பிட்டு, பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"என் பேரனுக்குக் கை இருக்குதாம். உடம்புதான் இன்னும் வரல. கோச் ஒரு வருஷம் ஊறப்போடச் சொல்றார். பாவம், கும்ரான் அக்கா இருந்திருந்தா தொட்டுப் பார்த்துச் சொல்லியிருப்பாங்க."

இன்தே கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தான். "பேரனுக்குத் தம்பி இருக்கானா அத்தை?"

"இல்லப்பா, ஒத்தைப் பிள்ளைதான். ஏன்?"

"அப்ப நல்லா ஊறப்போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனான்.

மறுநாள் உடலைக் கழுவி உடுத்துகிற சடங்கு. குடும்பம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு பெண்கள் நிதானமாக முகம், கை, கால் என்று துடைத்தார்கள். முதுகுக்குத் திருப்பியபோது இன்தே கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். யோங்தே பின்னாலேயே போனான். அந்தப் பெண்கள் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்தவர்கள்தான். துணியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்கள்.

தாயின் முதுகை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள். அத்தனை வருடம் ஒரே பக்கமாகச் சாய்ந்து அழுத்தித் தேய்த்ததில் வலத்தோள் எலும்பு மேலே ஏறி, இடது இறங்கி, முதுகு கோணிப்போயிருந்தது. பேஸ்பால்காரர்கள் சிலருக்கு அப்படி ஆகும்.

இன்தே இடுப்பிலிருந்து மெல்லத் துடைத்துக்கொண்டு வந்தான். குளியல் கூடத்தில் செய்வதுபோல, கீழிருந்து மேலாக, மறுபடி கீழிருந்து மேலாக. அவன் தோள் குலுங்கியது. யோங்தே அருகில் வந்து நின்றான்.

"அண்ணா. நானும் கொஞ்சம் தேய்க்கிறேண்ணா."

இன்தே திரும்பினான். நாற்பதை எட்டப் போகிறவன். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. உதடு ஏதோ சொல்லத் திறந்தது. ‘இந்தாடா’ என்று சொல்லத்தான் திறந்தது என்று யோங்தே பின்னால் அப்பாவிடம் சொன்னான்.

ஆனால் உடம்பு முந்திக்கொண்டது. முதுகு தானாக வளைந்தது, தலை தானாகத் தாழ்ந்தது. அம்மாவைத் துடைத்த ஈரத்துணியை அவன் இரண்டு கையாலும் நீட்டினான். ஒரு கையை எடுத்துவிடப் பார்த்தான்; எடுக்க வரவில்லை.

யோங்தே வாங்கிக்கொண்டான்.